ஒரிஜினல் வீலில் பெரிய ஆஃப்ரோடு டயர்: ஒரு பிக்கப் வண்டியின் நிகழ்வு ஆய்வு

வண்டி ஒரு நடுத்தர அளவு டபுள் கேபின் பிக்கப். முன்பக்கம் மேலும் கீழும் ஆர்ம் உள்ள காயில் ஸ்பிரிங் சஸ்பென்ஷன், பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். வேண்டும்போது மட்டும் ஃபோர் வீல் போட்டுக்கொள்ளும் வகை. கம்பெனி டயர் 265/65ஆர்17, லோடு இண்டெக்ஸ் (டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் குறிக்கும் எண்) 112. வீல் 17 அங்குல அலாய், அகலம் 7.5 அங்குலம், ஆஃப்செட் (வீல் ஹப்பில் உட்காரும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் தூரம்) பிளஸ் 30 மில்லிமீட்டர். வண்டியைத் தூக்கும் லிஃப்ட் கிட் எதுவும் இல்லை. இதுவரை யாரும் கை வைக்காத சஸ்பென்ஷன்.

உரிமையாளர் கேட்டது 285/70ஆர்17, அதாவது எல்லோரும் 33 இன்ச் என்று சொல்லும் அளவு. அவர் வைத்த நிபந்தனைகள் மூன்று. வீலை மாற்றக்கூடாது, வண்டியைத் தூக்கக்கூடாது, பாடியை வெட்டக்கூடாது. ஓட்டத்தில் பாதி நெடுஞ்சாலை, மீதி கூர்மையான கல் நிறைந்த மண் பாதை. பின்னால் கருவிப் பெட்டிகளும் ஜெனரேட்டரும் ஏற்றிக்கொண்டு போவார். பழைய டயரில் அவருக்கு இரண்டு தொல்லைகள்: சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) கிழிவது, நடுவில் மேடு தட்டிய பாதைகளில் அடிப்பகுதி உரசுவது.

அந்த மூன்று நிபந்தனைகளைக் கேட்டால் பலர் முதலாவதைத்தான் முட்டுக்கட்டை என்பார்கள். பெரிய டயர் என்றால் கூடவே வெளியே தள்ளி நிற்கும் வீலும் வாங்க வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு பரவியிருக்கிறது. இந்த வண்டியில் அளந்து பார்த்தபோது நிலைமை நேர்மாறாக இருந்தது. ஒரிஜினல் வீல்தான் வேலையைச் சுலபமாக்கியது. டயரின் அளவை முடிவு செய்தவை வேறு இரண்டு விஷயங்கள்: அப்பர் ஆர்ம் (முன் சஸ்பென்ஷனின் மேல் கை) பக்கம் இருந்த இடைவெளி, அப்புறம் டயர் தாங்கும் எடை.

முதலில் கணக்கு

டயரின் பக்கத்தில் உள்ள எண்ணை வைத்தே உயரத்தைக் கணக்கிடலாம். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது சைடுவால் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்ற விகிதம், கடைசி எண் அங்குலத்தில் வீலின் விட்டம். அகலத்தை விகிதத்தால் பெருக்கினால் சைடுவால் உயரம் வரும். அதை இரண்டால் பெருக்கி, வீலின் விட்டத்தைக் கூட்ட வேண்டும். 17 அங்குலம் என்பது 431.8 மில்லிமீட்டர். அப்படிப் பார்த்தால் கம்பெனி டயர் 265/65ஆர்17 இன் விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர். 265/70ஆர்17 என்றால் 803. 255/75ஆர்17 என்றால் 814. அவர் கேட்ட 285/70ஆர்17 என்றால் 831.

தரைக்கும் டிஃபரென்ஷியலுக்கும் (ஆக்ஸிலின் நடுவில் உள்ள கியர் பெட்டி) நடுவில் கூடுதலாகக் கிடைக்கும் உயரம் இந்த வித்தியாசத்தில் பாதிதான். 285/70 போட்டால் 27 மில்லிமீட்டர், 255/75 போட்டால் 19, 265/70 போட்டால் 13. எண்ணாகப் பார்த்தால் 13 மில்லிமீட்டர் சொற்பமாகத் தெரியும். ஆனால் டிஃபரென்ஷியல் தரையோடு தரையாகப் போகும் வண்டியில் இதைத் தரக்கூடியது டயர் மட்டுமே. லிஃப்ட் கிட் போட்டால் பாடியும் சேஸிஸும் உயரும். பின் ஆக்ஸில் ஒரு மில்லிமீட்டர் கூட உயராது.

அடுத்தது அகலம். டயரில் 285 என்று போட்டிருந்தாலும், உண்மை அகலம் ரிம்மைப் பொறுத்தது; அளவெடுப்பதற்கென்று குறித்த அகலமுள்ள ரிம்மில் மாட்டித்தான் அதை அளக்கிறார்கள். இந்த அளவுக்கு அந்த ரிம் 8.5 அங்குலம். ரிம் அகலம் அரை அங்குலம் குறைந்தால் டயரின் அகலமும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் குறையும். எனவே 7.5 அங்குல ரிம்மில் 285 டயர் சுமார் 10 மில்லிமீட்டர் குறுகி நிற்கும். இந்த டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 7.5 இல் தொடங்குகிறது, ஆக விதிப்படி மாட்டலாம். ஆனால் அது அடிமட்ட எல்லை. கீழே பீட் (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு) இரண்டும் நெருங்கி உட்காரும்போது மேலே டிரெட்டின் (தரையில் படும் பகுதி) நடு லேசாகப் புடைத்துக்கொள்ளும். நடுப்பகுதி சீக்கிரம் தேயும், ஸ்டியரிங் திருப்பினால் வண்டி ஒரு கணம் தயங்கித் திரும்பும்.

குறுகிய ரிம்முக்கு நல்ல பக்கமும் உண்டு. ஆஃப்ரோட்டில் காற்றைக் குறைத்து ஓட்டும்போது பீட் ரிம்மை விட்டுக் கழன்றுவிடாமல் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சைடுவால் ரிம்மைத் தாண்டி வெளியே துருத்தி நிற்பதால் அலாயின் விளிம்பு கல்லில் அடிபடுவதும் குறையும். ஒரிஜினல் வீலைத் தூக்கிப் போடுமுன் இதையும் யோசிக்க வேண்டும்.

எங்கே உரசும்

ஷெட்டில் வண்டியை நேராக நிறுத்தி டயரை மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்து, "உரசல, போகலாம்" என்று அனுப்பிவிடுவது சகஜம். அந்தச் சோதனையை நம்ப முடியாது. பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் மேலே ஏறும். அப்படி ஏறிய நிலையில் ஸ்டியரிங் ஒடிந்தும் இருந்தால்தான் டயர் எதைத் தொடும் என்பது தெரியவரும்.

அதனால் முன்பக்கம் ஒரு சக்கரத்தில் காயில் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்தோம். சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, லோயர் ஆர்முக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, சக்கரத்தை முழுக்கத் தொங்கும் நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப் (சக்கரம் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர்) முட்டும் வரை மெல்ல ஏற்றினோம். ஒவ்வொரு நிலையிலும் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பினோம். சந்தேகப்படும் இடங்களில் களிமண் ஒட்டி வைத்தோம். டயர் தொட்டால் களிமண் நசுங்கும், மீதமிருக்கும் தடிமனை அளந்தால் இடைவெளி எவ்வளவு என்பதும் கிடைத்துவிடும்.

285/70 டயர் இரண்டு இடங்களில் தோற்றது. முதலாவது அப்பர் ஆர்ம். இந்த வகை முன் சஸ்பென்ஷனில் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் இரும்பு) உயரமாக எழுந்து, அதை அப்பர் ஆர்மோடு இணைக்கும் மேல் பால் ஜாயிண்ட் டயரின் உள்பக்கத் தோளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். பழைய டயரில் ஒரு விரல் தாராளமாக நுழைந்த இடத்தில் இப்போது சில மில்லிமீட்டர்தான் மிச்சம். நிற்கும்போது தொடவில்லை என்பது உண்மை. ஆனால் வளைவில் டயர் பக்கவாட்டில் நெளியும், சேறு அப்பிக்கொள்ளும், டிரெட்டில் கல் சிக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் சைடுவால் ஒரு இரும்பைத் தேய்த்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த ஒரு காரணமே அந்த அளவை நிராகரிக்கப் போதும்.

இரண்டாவது, சக்கரத்துக்குப் பின்னால் கேபினைச் சேஸிஸோடு இணைக்கும் பாடி மவுண்ட். சக்கரம் பாதி ஏறி ஸ்டியரிங் முழுக்க ஒடிந்த நிலையில் களிமண் முழுசாக நசுங்கியது. இதைச் சரிசெய்ய மவுண்டின் முனையை வெட்டித் தகடு வைத்து வெல்டிங் செய்கிறார்கள். பாடியை வெட்டக்கூடாது என்பது உரிமையாளரின் நிபந்தனை. அது இல்லாவிட்டாலும் நான் அதைப் பரிந்துரைத்திருக்க மாட்டேன். கேபினைத் தாங்கும் இடத்தை டயருக்காக வெட்டுவதற்கு மிக வலுவான காரணம் வேண்டும்.

ஸ்பேசர் ஏன் வேண்டாம்

"அப்பர் ஆர்ம்தானே பிரச்சினை? ஒரு இன்ச் ஸ்பேசர் போட்டு வெளியே தள்ளிட்டா முடிஞ்சுதுங்களே" என்றார் உரிமையாளர். நியாயமான கேள்வி. ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கும் தகடு. ஸ்பேசர் போட்டால் உள்பக்க இடைவெளி நிச்சயம் கூடும். ஆனால் அதே ஸ்பேசர் பாடி மவுண்ட் பிரச்சினையை மோசமாக்கும்.

முன்சக்கரம் தன் மையத்தில் சுழன்று திரும்புவதில்லை. மேல், கீழ் பால் ஜாயிண்ட்கள் இரண்டையும் இணைக்கும் கோட்டைச் சுற்றித்தான் திரும்புகிறது. சக்கரத்தின் நடு அந்தக் கோட்டிலிருந்து வெளியே தள்ளிப் போகப் போக, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது சக்கரம் மொத்தமாக முன்னாலும் பின்னாலும் நகரும் தூரமும் கூடும். ஒரு பக்கம் ஒடித்தால் பம்பரை நோக்கி முன்னே வரும், மறுபக்கம் ஒடித்தால் பாடி மவுண்டை நோக்கிப் பின்னே போகும். 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டு 35 டிகிரி ஒடித்தால் அந்த நகர்வு 14 மில்லிமீட்டர் கூடுகிறது. 265/65 இலிருந்து 265/70 க்குப் போகும்போது டயரின் ஆரம் கூடுவதே 13 மில்லிமீட்டர்தான். அதாவது டயரை மாற்றாமல் ஸ்பேசர் மட்டும் போட்டாலே, ஒரு அளவு பெரிய டயர் போட்டதற்குச் சமமான இடத்தைப் பின்பக்கம் அது தின்றுவிடும். ஆஃப்செட் குறைந்த புது வீலுக்கும் இதே கணக்குதான். அதோடு வீல் பேரிங்கில் விழும் பளுவும் கூடும், பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது ஸ்டியரிங் கையை இழுக்கும் இழுப்பும் கூடும்.

ஒரிஜினல் வீலில் பிளஸ் 30 ஆஃப்செட் இருப்பதால் டயர் உள்ளடங்கி நிற்கிறது, திரும்பும்போது குறைந்த இடத்தில் திரும்புகிறது. அகலத்தைக் கூட்டாமல் உயரத்தை மட்டும் கூட்டினால் உள்பக்க இடைவெளியும் பெரிதாகக் குறையாது. வீலை மாற்றாமல் டயரை மட்டும் பெரிதாக்குவதற்கு நேர்த்தியான வழி இதுதான்.

லிஃப்ட் பற்றியும் ஒரு வார்த்தை. வண்டியைத் தூக்கினால் நிற்கும்போது டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் நிறைய இடம் தெரியும். ஆனால் சக்கரம் எவ்வளவு உயரம் ஏறலாம் என்பதைத் தீர்மானிப்பது பம்ப் ஸ்டாப். அதை மாற்றாமல் ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினால், பெரிய குழியில் விழும்போது சக்கரம் பழைய இடத்துக்கே போய் முட்டும்.

255/75: இடம் பொருந்தியது, எடை பொருந்தவில்லை

அடுத்து 255/75ஆர்17 டயரை மாட்டிப் பார்த்தோம். அவ்வளவாகப் பேசப்படாத அளவு, ஆனால் இடத்தைப் பொறுத்தவரை அருமையானது. உயரம் 32 அங்குலம், அகலமோ பழைய டயரைவிடக் குறைவு. 7.5 அங்குல ரிம்மில் எந்த நெருக்கடியும் இல்லாமல் உட்காரும். அப்பர் ஆர்ம் பக்கம் கவலை இல்லை. பாடி மவுண்ட் பக்கம் இடைவெளி குறைந்தது, ஆனால் தொடவில்லை. ஃபெண்டருக்கு உள்ளே இருக்கும் லைனர் பிளாஸ்டிக்கில் மட்டும் ஒரு மூலை நசுங்கியது.

மனசுக்கு மிகவும் பிடித்துப்போன டயர். ஆனால் சைடுவாலில் உள்ள எண்ணைப் படித்ததும் விட்டுவிட வேண்டியதாயிற்று. எங்கள் கையில் இருந்தது எல்.டி. வகை (லைட் டிரக், அதாவது பளு ஏற்றும் வண்டிகளுக்கான டயர்) 255/75ஆர்17, லோடு ரேஞ்ச் (உறையின் பலத்தைக் குறிக்கும் எழுத்து) சி. அதன் லோடு இண்டெக்ஸ் 111, அதாவது டயர் ஒன்றுக்கு 1090 கிலோ. வண்டியோடு வந்தது 112, அதாவது 1120 கிலோ. 30 கிலோ வித்தியாசம்தானே என்று தோன்றலாம். ஆனால் வண்டிக்குக் குறிக்கப்பட்ட லோடு இண்டெக்ஸுக்குக் கீழே போகக்கூடாது என்பது டயர் தேர்வின் அடிப்படை விதி, அதுவும் பின்னால் பளு ஏற்றும் வண்டியில். இதே அளவு 2007 மாடல் ஜீப் ராங்ளர் ரூபிகானில் கம்பெனி டயராகவே வந்தது. அது பளு ஏற்றுவதற்கான வண்டி அல்ல, அதனால் அதற்கு அது போதும். பிக்கப்புக்குப் போதாது.

டயர் எங்கே உரசும் என்பதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இந்த எண்ணை ஒரு நிமிடம்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். உரசினால் சத்தம் கேட்கும், தடம் தெரியும். தாங்கும் எடை குறைவாக இருந்தால் அப்படி எந்த அறிகுறியும் முன்கூட்டி வராது. முழுப் பளுவோடு வெயிலில் நெடுஞ்சாலையில் ஓடும்போது டயர் உள்ளுக்குள் சூடேறிக்கொண்டே இருக்கும்.

தேர்வான அளவு

கடைசியில் மாட்டியது எல்.டி. வகை 265/70ஆர்17, ஆல் டெரெய்ன், லோடு ரேஞ்ச் சி, இண்டெக்ஸ் 112/109, வேகக் குறியீடு எஸ், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. 112 என்பது ஒற்றை டயராக மாட்டும்போது, 109 என்பது ஒரே பக்கம் இரண்டு டயர் மாட்டும் ஆக்ஸிலில். இந்த வண்டிக்கு முதல் எண்தான் பொருந்தும்.

உரிமையாளருக்கு லோடு ரேஞ்ச் இ, அதாவது பத்து பிளை வேண்டும் என்று ஆசை. அதன் இண்டெக்ஸ் 121, தாங்குவது 1450 கிலோ. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த 1450 கிலோ 80 பி.எஸ்.ஐ. காற்றில்தான். டயரில் எடையைத் தாங்குவது உள்ளே அடைத்த காற்று. அளவும் காற்றும் ஒன்றாக இருந்தால் சி ரேஞ்ச் டயரும் இ ரேஞ்ச் டயரும் ஒரே எடையைத்தான் தாங்கும். இ ரேஞ்சின் மிச்ச பலத்தை எடுக்க வேண்டுமானால் காற்றை ஏற்ற வேண்டும். வழக்கமான ரப்பர் வால்வின் உச்ச அழுத்தம் 65 பி.எஸ்.ஐ., கம்பெனி அலாயும் 80 பி.எஸ்.ஐ. க்காகச் செய்யப்பட்டதில்லை. இ ரேஞ்சில் உறை தடிமனாக இருப்பதால் கல் கிழிப்பதைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அது உண்மை. ஆனால் அதற்காகச் சுமக்க வேண்டிய எடை இந்த வண்டிக்கு அதிகம் என்பது என் தீர்ப்பு. சி ரேஞ்ச் போட்டதற்கே டயர் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 கிலோ கூடியது.

எல்.டி. டயருக்கு மாறும்போது கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள காற்றளவை அப்படியே பின்பற்றக்கூடாது. பழைய டயர் 1120 கிலோவை ஏறக்குறைய 36 பி.எஸ்.ஐ. யில் தாங்கும். எல்.டி. சி ரேஞ்ச் அதே எடையைத் தாங்க 50 பி.எஸ்.ஐ. வேண்டும். அதனால் வண்டியை வழக்கமான பளுவோடு எடை மேடையில் ஏற்றி, முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் தனித்தனியாக எடை போட்டோம். ஸ்டிக்கரில் உள்ள ஆக்ஸில் வரம்பையும் டயர் தயாரிப்பாளரின் காற்று அட்டவணையையும் பக்கத்தில் வைத்து முடிவு செய்தது: முன்னால் 36, பின்னால் காலி வண்டிக்கு 35, பளு ஏற்றினால் 45. இன்னொரு வண்டிக்கு இந்த எண்கள் பொருந்தாது, அந்த வண்டியின் எடையைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். காலி வண்டியில் டிரெட்டின் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு, நேர் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தோம். கோடு முழு அகலத்துக்கும் ஒரே சீராக அழிந்திருந்தது.

மாட்டிய பிறகு

முன் லைனரின் பின்பக்கக் கீழ் மூலை மட்டும் தொட்டது. ஹீட் கன் வைத்து இளக்கி உள்ளே தள்ளி, ஒரு திருகாணியால் பிடித்துவிட்டோம். வெட்டவில்லை. அலைன்மெண்ட் செய்யும்போது, அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்ளேயே கேஸ்டரை (சக்கரம் திரும்பும் கோடு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னோம். லோயர் ஆர்மின் கேம் போல்ட்டைத் திருப்பிக் கேஸ்டரைக் கூட்டினால் சக்கரம் சில மில்லிமீட்டர் முன்னே வரும், பாடி மவுண்டிலிருந்து விலகும். ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதும் நன்றாகும். லைனரைக் கத்தரிக்கத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

பிறகு முழுப் பளுவோடு கல் பாதையில் ஓட்டி, ஸ்டியரிங்கை ஒடித்த நிலையில் பிரேக்கும் பிடித்துப் பார்த்தோம். முன்னோக்கிப் போகும்போது பிரேக் பிடித்தால் ஆர்ம் புஷ்கள் நெளிந்து சக்கரம் லேசாகப் பின்னுக்குப் போகும், ஷெட்டில் தெரியாத உரசல் அப்போது தெரியவரும். திரும்பி வந்து லைட் அடித்துப் பார்த்ததில் எங்கும் பளபளப்பான தேய்மானம் இல்லை. சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி சரிபார்த்தோம்.

வேகமானி பற்றி உரிமையாளருக்குப் பயம் இருந்தது. டயர் சுற்றளவு 3.4 சதவீதம் கூடியிருக்கிறது. வண்டிகளின் வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்று ஐ.நா. ஒழுங்குமுறை எண் 39 சொல்கிறது, அதனால் தயாரிப்பாளர்கள் சற்றுக் கூட்டியே காட்ட வைக்கிறார்கள். இந்த வண்டியில் பழைய டயரோடு மீட்டர் 100 காட்டும்போது ஜி.பி.எஸ். 96 காட்டியது. புதிய டயரில் அதே 100 க்கு ஜி.பி.எஸ். 99. இருந்த பிழையைப் புதிய டயர் சரிக்கட்டிவிட்டது. 285/70 போட்டிருந்தால் மீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 103 ஐ நெருங்கியிருக்கும்.

கிலோமீட்டர் எண்ணிக்கை அப்படித் தானாகச் சரியாகும் என்று சொல்ல முடியாது. பழைய டயரில் அது சரியாக ஓடியிருந்தால் இப்போது உண்மையான தூரம் மீட்டர் காட்டுவதைவிட 3.4 சதவீதம் கூடுதலாக இருக்கும். மைலேஜ் போய்விட்டது என்று உரிமையாளர் சொன்னபோது முதலில் இதைத்தான் திருத்தினோம். மீட்டர்படி லிட்டருக்கு 10 வந்தால் உண்மையில் 10.34. திருத்திய பிறகும் கொஞ்சம் இழப்பு இருக்கிறது. டயரின் எடையும் டிரெட்டின் உராய்வும் இனாமாக வருவதில்லை. ஆயில் மாற்றும் தேதியையும் இதே கணக்கில் சற்று முன்னே கொண்டுவர வேண்டும்.

இழுவையும் அப்படித்தான். இந்த வண்டியின் பின் ஆக்ஸில் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கை) 3.909. பெரிய டயரில் அது 3.78 போல நடந்துகொள்ளும். மேட்டில் பளுவோடு ஏறும்போது ஒரு கியர் முன்னதாகக் குறைக்க வேண்டியிருக்கிறது. 285/70 என்றால் அது 3.65 ஆகியிருக்கும், கல்மேல் மெல்ல ஊர்ந்து போகப் பயன்படும் லோ ரேஞ்ச் கியரும் அதே அளவு பலவீனமாகியிருக்கும். பெரிய டயர் கேட்பது ஆஃப்ரோட்டுக்காக, அது முதலில் பிடுங்குவதும் ஆஃப்ரோட்டுக்கு வேண்டிய இழுவையைத்தான். பிரேக்கிலும் அதே விகிதம்: பெடலை அதே அளவு மிதித்தால் தரையில் கிடைக்கும் பிடிப்பு விசை சுமார் 3 சதவீதம் குறைவு. இந்த அளவுக்கு ஓட்டுநர் பழகிக்கொள்வார். 7 சதவீதம் குறைந்து, கூடவே எடையும் ஏறியிருந்தால் பிரேக்கையும் மேம்படுத்த வேண்டிய நிலை வந்திருக்கும்.

டயர் வாங்கியது ஐந்து. ஸ்டெப்னியையும் இதே அளவில் மாற்ற வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய அளவு ஸ்டெப்னியோடு ஃபோர் வீல் போட்டு ஓட்டினால், இறுகிய தரையில் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் வேறுவேறு வேகத்தில் சுழல முயன்று இரண்டுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸை முறுக்கும். பின்பக்கம் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் இருந்தால் அதுவும் ஓயாமல் உராய்ந்துகொண்டே இருக்கும். 265/70 ஸ்டெப்னி பழைய இடத்தில், பெட்டிக்குக் கீழே, சங்கிலியில் சிரமமில்லாமல் ஏறியது. ஐந்தையும் சுழற்சி முறையில் மாற்றிக்கொண்டு வரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம், அப்போதுதான் ஐந்தும் ஒன்றாகத் தேயும். அளவு மாற்றத்துக்கு அவர் ஊர் விதியும் வண்டிக் காப்பீடும் என்ன சொல்கின்றன என்பதை டயர் வாங்குவதற்கு முன்பே அவரே விசாரித்து எழுத்தில் வாங்கியிருந்தார்.